புதிதாகப் பூட்டுத் திறக்கப் பழகுபவருக்கு பிக் கன்னா, கை பிக்கா?

கதிர், பீனிக்ஸ் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பொழுதுபோக்காகப் பூட்டுத் திறக்கப் பழகலாம் என்று இருக்கிறேன். அப்பாவின் பழைய தகர டப்பாவில் சாவி தொலைந்த பூட்டுகள் சில கிடக்கின்றன. எல்லாம் எங்கள் வீட்டுப் பூட்டுகள்தான், இப்போது எந்தக் கதவிலும் மாட்டியில்லை. ட்ரிகரை இழுத்தால் ஊசி தட்டுகிற பிக் கன் வாங்கலாமா, இல்லை ஹூக் (நுனி வளைந்த கம்பி), ரேக் (அலை மாதிரி வளைந்த கம்பி), டென்ஷன் ரெஞ்ச் (பூட்டைத் திருப்பிப் பிடிக்கிற தட்டைக் கம்பி) எல்லாம் உள்ள சாதாரண கை பிக் செட் வாங்கலாமா? கன் என்றால் சீக்கிரம் திறந்துவிடுமாம். இரண்டையும் வாங்க இப்போது காசு இல்லை.

பூட்டுப்பித்தன், சாட்ஸ்வர்த்

கை பிக்தான் தம்பி. கன்னில் பூட்டு திறந்தால் திறந்தது, அவ்வளவுதான். ஏன் திறந்தது என்று உனக்குத் தெரியாது. பொழுதுபோக்குக்காக இதில் இறங்குகிறவனுக்கு அந்த ‘ஏன்’தானே வேண்டும்?

பின் பூட்டு என்றால், சாவி நுழைந்து சுற்றுகிற சிலிண்டரை ‘பின்’ என்ற குட்டிக் கம்பி ஜோடிகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் தடுத்து நிறுத்தும். எந்தக் கம்பெனி பின் பூட்டாக இருந்தாலும் அந்தப் பின்கள் நிற்கும் துளைகள் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் இருப்பதில்லை. ரெஞ்சை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஐந்து பின்னும் சேர்ந்து இறுகாது, ஏதோ ஒன்று முதலில் மாட்டிக்கொள்ளும். ஹூக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். மற்ற நாலும் ஸ்பிரிங்கில் துள்ளும், இது மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். அதை மெல்லத் தூக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், சிலிண்டர் மயிரிழை அளவு நகரும். அப்புறம் வேறொன்று இறுகும். எல்லாப் பின்னையும் இப்படி ஏற்றி முடித்தால் பூட்டு சுற்றிவிடும். முழு வித்தையும் இதுதான். கன் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. பூட்டு வேலை தெரியாத போலீஸ்காரர்களும் திறக்க வேண்டும் என்றுதானே அந்தக் கருவியையே செய்தார்கள்.

சாவிக்கடை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் தொழிலாகச் செய்கிறவன். கன்னைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சரியாகப் பிடித்தே இருக்க மாட்டார்கள்.

கேரம் போர்டில் ஒட்டி நிற்கும் இரண்டு காயில் ஒன்றை அடித்தால் அடுத்தது பறக்கும், அடிபட்டது ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். கன்னும் அப்படித்தான். ஊசி சாவிப் பக்கத்துப் பின்களை அடிக்கிறது. அந்த அடி ஸ்பிரிங் பக்கத்துப் பின்களுக்குப் போய், அவை மட்டும் குதிக்கின்றன. நடுவில் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு இடைவெளி. அந்த நேரத்தில் சிலிண்டர் திரும்ப வேண்டும். ரெஞ்சை முரட்டுத்தனமாக அழுத்தினால் பின்கள் இறுகிக்கொண்டு குதிக்கவே குதிக்காது. நாள் முழுக்க அடித்தாலும் சத்தம்தான் மிச்சம். ரேக் வைத்து உரசுகிறவன் கனமான கையோடும் சில சமயம் அதிர்ஷ்டத்தில் திறந்துவிடுவான். கன்னில் அந்தச் சலுகை கிடையாது, லேசான கை தானாக வந்துவிடும். இதைக் கல்வி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. ஒரு வாரம் ஹூக்கை வைத்துக் குடைந்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் புதியவர் செட்டைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடுவார். ஒரு பூட்டாவது திறந்தால்தானே ஆசை வரும்?

பூட்டுப்பித்தன்

அண்ணே, லேசான கை வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பின் எந்த நிலையில் இருக்கிறது என்று கன் ஒரு வார்த்தை சொல்லுமா? உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய ஸ்பூல் பின் உள்ளே இருந்தால் என்ன செய்வார் இந்தத் தம்பி? கை பிக்கில் என்றால் சிலிண்டர் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிப் பொய்யாக நிற்கும், பின்னைத் தூக்கும்போது ரெஞ்ச் விரலை எதிர்ப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. கன்காரருக்கு ‘திறக்கவில்லை’ என்ற ஒரே செய்திதான்.

ஆசை போய்விடும் என்கிறீர்கள். லண்டனில் பூட்டு செய்கிற பிராமா என்பவரின் கடை ஜன்னலில் 1790-லிருந்து ஒரு பூட்டு சவாலாகவே இருந்தது. திறந்தால் 200 கினி (பழைய ஆங்கிலேயத் தங்க நாணயம்) பரிசு. 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து திறந்தார். அதற்காக நம் தம்பியை 16 நாள் உட்காரச் சொல்லவில்லை, சாதாரணப் பூட்டுக்கு ஒரு சாயங்காலம் போதும். ஆனால் பொறுமை பிடிக்காதவருக்கு இந்தப் பொழுதுபோக்கே எதற்கு?

மீனா, லெனேசியா

இரண்டு பேரும் பின் பூட்டை மட்டும் வைத்தே சண்டை போடுகிறீர்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? இந்த ஊர் வீடுகளில் உள்ளறைக் கதவுகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு லீவர், மூன்று லீவர் பூட்டு. பின்னுக்குப் பதிலாக, சாவி தூக்குகிற தகடுகள்தான் லீவர். எங்கள் அம்மா ஊர் திண்டுக்கல். அங்கே செய்கிற மாங்காய்ப் பூட்டும் லீவர்தான். 2019-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அதற்குள் கன் ஊசியை விட்டு அடித்தால் அடிபடப் பின்னே இல்லை. வட்டத் தகடுகள் சுழலும் டிஸ்க் பூட்டிலும் அதே கதை, குதிக்க ஸ்பிரிங் கிடையாது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் 129-ஆம் சட்டம், 82-ஆம் பிரிவு. வீட்டையோ வண்டியையோ உடைப்பதற்கு என்று நியாயமான சந்தேகம் எழும்படி ஒரு கருவி உங்களிடம் இருந்து, திருப்தியான விளக்கம் தர முடியாவிட்டால் குற்றம். பூட்டுகளோடு சேர்த்து வீட்டு மேசையில் வையுங்கள், கார் டேஷ்போர்டில் வேண்டாம். ராத்திரி ரோடுபிளாக்கில் கன்னைக் காட்டி ‘பொழுதுபோக்கு சார்’ என்று சொல்லிப் பாருங்கள்!

சாவிக்கடை

அந்தப் பிரிவு ஹூக்குக்கும்தான் பொருந்தும் அம்மா, கன்னை மட்டும் ஏன் இழுக்கிறீர்கள்? தம்பிக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொண்டதும் அக்கம்பக்கத்துக்குக் காசு வாங்கித் திறந்து கொடுக்கக் கிளம்பிவிடாதே. 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூட்டு வேலையும் பாதுகாப்புச் சேவை. பிசிராவில் (தனியார் பாதுகாப்புத் துறையைக் கண்காணிக்கிற அரசு ஆணையம், PSIRA) பதிவு செய்யாமல் தொழில் செய்யக் கூடாது.

லீவர், டிஸ்க் விஷயம் சரி, அங்கே கன் வேலைக்கு ஆகாது. ஆனால் சாதாரண ஹூக் செட்டும் டிஸ்க் பூட்டில் வேலைக்கு ஆகாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். லீவருக்கும் வேறு வளைவில் கம்பி வேண்டும். ஆக அது கன்னுக்கு எதிரான வாதமே இல்லை.

பூட்டுப்பித்தன்

கருவி மாறும் அண்ணே, கை மாறாது. ரெஞ்சில் அழுத்தம் கொடுத்து, எது இறுகுகிறது என்று தேடுவது லீவருக்கும் டிஸ்க்குக்கும் பொதுவானது. கன்னில் பழகியவர் அங்கே மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

கதிர், எப்படிப் பழகுவது என்று சொல்கிறேன். பிரிக்க முடிகிற பூட்டு ஒன்றை எடுத்துச் சிலிண்டரைக் கழற்று. பின்களை ஒரு தட்டில் வரிசை மாறாமல் எடுத்து வைத்துவிட்டு ஒரே ஒரு ஜோடியை மட்டும் திரும்பப் போடு. அதைத் திறந்து பழகியதும் இரண்டு, அப்புறம் மூன்று. ரெஞ்சை ஆள்காட்டி விரல் நுனியால் மட்டும் அழுத்து. நகத்தடி வெளுத்தால் அழுத்தம் அதிகம். பழைய கார் வைப்பர் ரப்பருக்குள் தட்டையான ஸ்டீல் பட்டை இருக்குமே, அதை வளைத்தால் ரெஞ்ச் ரெடி. கரண்ட் போன நேரத்தில் கூடப் பழகலாம், இதில் கண்ணுக்கு வேலையே இல்லை.

டர்பன் கடல் காற்றில் கிடந்த பூட்டு என்றால் முதலில் சுத்தம் செய்து உலரவிடு. உப்புத் துருவில் ஒட்டிய பின் கன்னுக்கும் குதிக்காது, ஹூக்குக்கும் உண்மையைச் சொல்லாது.

கதிர்

டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பல் வெட்டிய தட்டைச் சாவி போடுகிற பின் பூட்டு மூன்று. உருண்டைத் தண்டும் அதன் முனையில் கொடி மாதிரி தகடும் வைத்த சாவிக்கானவை இரண்டு, அவை லீவர் போலிருக்கிறது. கேட்டில் மாட்டியிருந்த கனமான பூட்டு ஒன்றின் துவாரம் அரைவட்டமாக இருக்கிறது.

மீனா

அரைவட்டம் என்றால் டிஸ்க்காகத்தான் இருக்கும். அதை ஓரமாக வையுங்கள், இப்போது உங்களுக்கு அது வேண்டாம்.

சாவிக்கடை

சரி, மூன்று பின் பூட்டுக்குச் செட்டே வாங்கிக்கொள். கையில் இருக்கிற காசுக்கு அதுதான் சரி. என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று பித்தன் தம்பி எழுதிவிட வேண்டாம். இந்தப் பக்கம் வந்தால் அந்த மூன்றையும் எடுத்து வா, என் கன்னிலேயே அடித்துப் பார். ரெஞ்சை நீதான் பிடிக்க வேண்டும்.

பூட்டுப்பித்தன்

அண்ணே, அடித்து அடித்துப் பின் தேய்ந்தால் புதுப் பூட்டு உங்கள் கணக்கில்.