உயிரியல் தேர்வின் விளக்க வினாக்களுக்கு எப்படிப் பயிற்சி செய்வது?

அனைவருக்கும் வணக்கம். பள்ளி இறுதிநிலையில் மேம்பட்ட உயிரியல் பாடம் படித்துவரும் எனக்கு, தேர்வுக்கு ஆறு வாரங்களே எஞ்சியிருக்கும் நிலையில், உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. செல் சுவாசம், ஒளிச்சேர்க்கை போன்றவற்றைப் படம் வரைந்து படித்ததால் அவை மனத்தில் தங்கிவிட்டன. தரவுகளை வைத்துக் காரணம் கேட்கும் வினாக்களில்தான் தடுமாறுகிறேன்.

ஓர் உயிரினக் கூட்டத்தில் 16 விழுக்காட்டினரிடம் ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பு) வெளிப்பட்டால், கூட்டத்தில் மரபணு வடிவங்களின் விகிதத்தைக் கணக்கிட உதவும் ஹார்டி-வெயின்பெர்க் விதிப்படி ஒடுங்கு அல்லீலின் (அப்பண்புக்கான மரபணு வடிவத்தின்) அலைவெண் 0.4 என்றும், அதை மறைவாகத் தாங்கியிருப்போர் 48 விழுக்காடு என்றும் கணக்கிட்டுவிடுகிறேன். ஆனால், அடுத்த தலைமுறையில் இந்த எண்கள் மாறியதற்குக் காரணம் இயற்கைத் தேர்வா, மரபணு நகர்வா (தற்செயலாக ஏற்படும் மாற்றமா), இடப்பெயர்வா என்று சான்றுடன் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. கிடைத்த எண்ணிக்கை எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையிலும் இதே கதைதான்: சந்ததியில் ஓங்கு, ஒடுங்கு பண்புகளின் 3:1 விகிதத்தைச் சோதிக்கும்போது, 5 விழுக்காடு மட்டத்தில் மதிப்பு 3.84ஐத் தாண்டினால் கருதுகோளை நிராகரிக்க வேண்டும் என்பது தெரியும்; அந்த முடிவு மரபியல் நோக்கில் எதைக் குறிக்கிறது என்று விளக்கத் தெரியவில்லை.

இத்தகைய விடைகளை எழுதித் தேர்ந்தவர்கள், ஒரு வினாவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள், எழுதியதை எப்படித் திருத்திக்கொண்டீர்கள் என்று பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். காணொளிப் பாடங்கள் வேண்டாம். அவை ஏற்கெனவே என்னிடம் குவிந்து கிடக்கின்றன.