வாழைநார்: சோடா போட்டால் ஒடிகிறது, குறைத்தால் ஒட்டவில்லை

வாழைநாரை எபாக்சி பிசினில் சேர்த்துத் தகடு செய்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

பிசின் நாரை நன்றாகப் பிடிப்பதற்காக, முதலில் நாரை 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் ஊறவைத்தேன். நார் மஞ்சளாகி, வளைத்தாலே ஒடிகிறது. நாரின் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் கொஞ்சம் போகத்தான் வேண்டும், ஆனால் இது நாருக்குப் பலம் தரும் செல்லுலோஸையே தின்றுவிட்டது போலிருக்கிறது. சரி என்று 2 சதவீதம், 2 மணி நேரமாகக் குறைத்தேன். நாரின் பலம் அப்படியே இருக்கிறது. ஆனால் தகட்டை இழுத்து உடைத்தால் நார்கள் பிசினிலிருந்து வழுவழுவென்று உருவிக்கொண்டு வருகின்றன, பிசின் அவற்றைப் பிடிக்கவே இல்லை.

இரண்டு முறையும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நடுநிலையாக்கி, பிஎச் காகிதத்தில் 7 வரும் வரை கழுவினேன். அப்புறம் 60 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் உலர்த்தினேன், அதனால் ஈரம் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். நார் எல்லாம் ஒரே கட்டுதான். நாரையும் பிசினையும் இணைக்கப் பூசும் சிலேன் என்ற வேதிப்பொருளை இன்னும் தொடவில்லை.

என் கேள்வி ஒன்றுதான்: 2 சதவீத சோடாவில் ஊறவைப்பதை அப்படியே வைத்து அதன் மேல் அமினோ சிலேன் பூசுவதா, அல்லது 5 சதவீதத்திலேயே நேரத்தை மட்டும் குறைப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.