கிணற்றில் கிடந்த உடல்: வைத்தியர் சொன்னது தண்டிக்கப் போதுமா?

நெடுங்கேணியான்:
நீதிமன்றத்தில் நடக்கிற வழக்கு எதையும் இங்கே இழுக்க வேண்டாம். கற்பனையாக ஒன்றை வைத்துக் கதைப்போம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு காணி வீடு. புருசன், மனைவி, ஐந்து வயதுப் பிள்ளை. விடியப் பார்த்தால் மனைவியின் உடல் வளவுக் கிணற்றில். "இரவு வாய்த்தர்க்கம், பிறகு நான் நித்திரை, அவள் குதித்துவிட்டாள்" என்கிறார் புருசன். சட்ட வைத்திய அதிகாரியோ, தலையில் காயம் இருக்கிறது, நீரில் மூழ்கியதற்கான அடையாளம் இல்லை, தண்ணீருக்குள் போக முன்பே உயிர் போய்விட்டது என்று மேல் நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்கிறார். கண்கண்ட சாட்சி ஒருவரும் இல்லை.

தண்டனை கொடுக்க இது போதும் என்பது என் கட்சி. வீட்டுக்குள் நடக்கிற கொலையை எந்த அயலவன் வந்து பார்ப்பான்? இத்தனை சாட்சி வேண்டும் என்று இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் இல்லை. 134ஆம் பிரிவைப் பாருங்கள்.

கோட்டடியான்:
அண்ணை, அதே சட்டத்தின் 45ஆம் பிரிவையும் பாருங்கோ. வைத்தியர் சொல்வது நிபுணர் அபிப்பிராயம். நீதிபதிக்கு அது உதவி, தீர்ப்பு இல்லை. நான் வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருக்கிறேன். குறுக்கு விசாரணையில் முதல் வரும் கேள்வியே, "டொக்டர், இதில் நீங்கள் கண்டது எது, கருதியது எது?" என்பதுதான். தலையில் காயம் இருந்தது, அது கண்டது. யாரோ அடித்தார்கள், அது கருதியது. புருசன் அடித்தான் என்பது இரண்டிலும் சேராது. எப்படிச் செத்தார் என்பதற்கு மேல் வைத்தியரால் போக முடியாது.

நெடுங்கேணியான்:
சரி தம்பி, எப்படி என்பது தெரிந்துவிட்டது. செத்த பிறகு கிணற்றில் போட்டிருக்கிறார்கள். இரவு அந்த வளவில் இருந்த பெரிய ஆள் ஒருவர்தானே? தனக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்று 106ஆம் பிரிவு சொல்கிறது. 1814இல் இங்கிலாந்து நீதிபதி எலன்பரோ பிரபு சொன்னதை இங்கே எத்தனை தீர்ப்பில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்! பலமான சான்று எதிரே நிற்கும்போது, விளக்கக் கூடியவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம்.

கோட்டடியான்:
"பலமான சான்று எதிரே நிற்கும்போது." அந்த வரியை நீங்களே எழுதிவிட்டு ஏன் தாண்டி ஓடுகிறீர்கள்? முதலில் வழக்குத் தொடுநர் தன் பங்கை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், மௌனத்தைப் பற்றிய கதை. இங்கே உங்கள் பலமான சான்று முழுக்க "மூழ்கியதற்கான அடையாளம் இல்லை" என்ற ஒற்றை வசனத்தில் தொங்குகிறது.

வெள்ளைச் சப்பாத்து:
இரண்டு பேரும் சட்டத்தில் நிற்கிறீர்கள். நான் தாதி, வன்னி ஆஸ்பத்திரிகளில்தான் காலம் போனது. அந்த ஒற்றை வசனத்துக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

உயிரோடு தண்ணீருக்குள் போனவர் மூச்சுக்குத் திணறும்போது, தண்ணீரும் காற்றும் சளியும் கலந்து மூக்கிலும் வாயிலும் வெள்ளையாக நுரை தள்ளும். துடைத்தாலும் திரும்ப வரும். நுரையீரல் ஊதி, நெஞ்சைத் திறந்ததும் விலா எலும்பு பதிந்த தடம் அதில் தெரியும். சுவாசக் குழாயில் மணலோ பாசியோ இருக்கலாம். கையில் புல்லையோ பாசியையோ இறுகப் பிடித்தபடி இருந்தால் அது பெரிய அடையாளம், ஏனென்றால் செத்தவர் எதையும் பிடிக்க மாட்டார். ஆனால் கை கால் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செத்த உடலைப் போட்டாலும் அப்படித்தான் சுருங்கும்.

எங்கள் வெயிலுக்கு உடல் பழுதாகத் தொடங்கிவிட்டால் இந்த நுரையும் ஊதலும் முதலில் அழியும். உடல் காலையில் எடுக்கப்பட்டு, திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து, நீதவானின் கட்டளை கிடைத்து, சட்ட வைத்திய அதிகாரி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமட்டும் எத்தனை மணித்தியாலம்? அதைக் கேட்காமல் "அடையாளம் இல்லை" என்பதை மட்டும் கேட்டால் எப்படி?

நெடுங்கேணியான்:
அக்கா, தலைக் காயத்தை விட்டுவிட்டீர்களே.

வெள்ளைச் சப்பாத்து:
விடவில்லை தம்பி. உயிர் இருக்கும்போது பட்ட காயமென்றால் தோலுக்குக் கீழே இரத்தம் கசிந்து திசுவோடு கலந்திருக்கும், வீக்கம் இருக்கும். செத்த பிறகு பட்டதென்றால் பெரும்பாலும் அப்படி இராது. ஆனால் உயிரோடு குதிக்கிறவரின் தலையும் கிணற்றுக் கட்டில் அடிபடலாம். அதுவும் உயிருள்ள காயம்தான். ஆகவே எத்தனை காயம், எந்தப் பக்கம், மேற்கையில் விரல் பதிந்த கண்டல் இருந்ததா, கழுத்தில் உள்ளே ஏதும் உடைந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு காயம் ஒரு பக்கத்தில் என்றால் எனக்குச் சந்தேகம். தலையின் இரண்டு பக்கமும் காயம், கையில் கண்டல் என்றால் நான் உங்கள் பக்கம்.

இன்னொன்று. யுத்தம் முடிந்த 2009 வரை இங்கே இருந்த சனத்தின் உடம்பில் பழைய தழும்பும் ஷெல் துண்டும் இல்லாதவர் குறைவு. கதிர்ப்படத்தில் மண்டைக்குள் ஒரு உலோகத் துண்டு தெரிந்தால், வெளியூரில் இருந்து மாற்றலாகி வந்த வைத்தியர் திகைத்துப் போவார். ஆறிய எலும்பு எது, புதிதாக வெடித்தது எது என்று அறிக்கையில் பிரித்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

லண்டன் வன்னியன்:
வைத்தியர் சொன்னார் என்பதற்காக ஆட்களை உள்ளே தள்ளிய நாட்டில் இருந்து எழுதுகிறேன். சாலி கிளார்க் என்ற சட்டத்தரணி. 1996இலும் 1998இலும் அவருடைய இரண்டு கைக்குழந்தைகள் வீட்டில் இறந்தன. அப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு தொட்டில் மரணம் (காரணம் தெரியாமல் கைக்குழந்தை நித்திரையில் இறப்பது) நடக்க 7 கோடியே 30 இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று ரோய் மெடோ என்ற பேராசிரியர் சாட்சியம் சொன்னார். ஒரு மரணத்துக்கு 8543இல் ஒன்று என்ற கணக்கை அதனாலேயே பெருக்கியதுதான் அந்த எண். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே பரம்பரை என்றால் இரண்டாவது மரணம் முதலாவதோடு தொடர்பில்லாதது என்று எப்படிப் பெருக்குவது? பிள்ளைகளைக் கொன்றதாக 1999இல் ஆயுள் தண்டனை. இரண்டாவது பிள்ளையின் உடலில் கிருமித்தொற்றைக் காட்டிய பரிசோதனை முடிவை நோயியல் நிபுணர் வெளியே விடவில்லை என்பது பிறகு தெரியவந்தது. 2003இல் தீர்ப்பு இரத்து. அவர் வெளியே வந்து நாலு வருடத்தில் செத்துப்போனார்.

நெடுங்கேணியான்:
லண்டனில் பெருக்கல் பிழைத்தது என்பதற்காக இங்கே கிணற்றில் போட்டவனை விட்டுவிடுவதா? அங்கே குற்றமற்ற தாய் உள்ளே போனார். இங்கே "குதித்துவிட்டாள்" என்று சொல்லித் தப்பிய புருசன்மார் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தது? அடி வாங்கிய பெண் செத்த பிறகும் ஆக்களின் வாயில் அடி வாங்குகிறாள். அவளுக்காகக் கதைக்க மிஞ்சியிருப்பது அவளுடைய உடல்தான். அந்த உடலை வாசிக்கத் தெரிந்தவர் வைத்தியர்.

பழைய பென்சன்காரன்:
பிள்ளைகள், நம்மவருடைய வழக்கு ஒன்று இருக்க ஏன் லண்டனுக்குப் போகிறீர்கள்? கிரிக்கெட் வீரர் சதாசிவம். 1951 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் அவருடைய மனைவி கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். வீட்டு வேலைக்காரன் வில்லியம் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியாக மாறி, எசமான்தான் செய்தார், நான் உதவினேன் என்றான். சதாசிவம் காலையிலேயே வாடகைக் காரில் போய்விட்டார். ஆகவே வழக்கு முழுக்கச் சாவு எத்தனை மணிக்கு என்பதில் வந்து நின்றது. சட்ட வைத்தியப் பேராசிரியர் டி சேரம் உடல் வெப்பத்தை அளந்து நேரம் கணித்தார். தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் எப்படிக் குளிர்கின்றன என்றே ஆராய்ந்தவர் அவர். எதிரி தரப்புக்காக எடின்பரோவில் இருந்து சட்ட வைத்திய நிபுணர் சேர் சிட்னி சிமித் வந்தார். கொலை மாடி அறையில் நடந்தது என்ற வில்லியத்தின் கதைக்கு, உள்ளங்காலில் இருந்த அழுக்குப் பொருந்தவில்லை, அது சமையலறையைக் காட்டுகிறது என்றார். சதாசிவத்துக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா வாதாட, 1953இல் விடுதலை.

வைத்திய சாட்சியம் அங்கே தனியாக நிற்கவில்லை. ஒரு மனிசன் சொன்ன கதையோடு உரசிப் பார்த்தார்கள். நெடுங்கேணியான் சொல்கிற வழக்கில் உரசிப் பார்க்கப் புருசனின் கதை இருக்கிறது. "நான் நித்திரை" என்பது வாயை மூடிக்கொண்டிருப்பதல்ல, அது ஒரு கதை. அதைப் பிடித்து உலுப்ப வேண்டும்.

கோட்டடியான்:
ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த வெப்பக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். உடல் குளிர்வது சுற்றாடலோடு உள்ள வித்தியாசத்தால். ஆவணி வெயிலில் எங்கள் மத்தியானம் உடம்புச் சூட்டுக்குக் கிட்டப் போகிறது. குளிர இடமே இல்லை. கிணற்றுத் தண்ணீருக்குள் என்றால் காற்றில் குளிர்வதை விட வேகமாகக் குளிரும், அது வேறு கணக்கு. "இரவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்" என்று ஒரு வைத்தியர் உறுதியாகச் சொன்னால், எந்த அடிப்படையில் என்று கேட்க வேண்டியது எங்கள் கடமை.

நெடுங்கேணியான்:
நேரத்தை விடுங்கள். டயட்டம் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறதே? தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி, உயிரோடு மூழ்கியவரின் இரத்தத்தோடு ஓடி எலும்பு மச்சைவரை போகும். செத்த உடலில் இரத்தம் ஓடாது, போகாது. எலும்பில் இல்லையென்றால் கதை முடிந்தது.

வெள்ளைச் சப்பாத்து:
முடியாது தம்பி. உண்மையாக மூழ்கியவரிலும் சில வேளை கிடைக்காமல் போகும். கிடைத்தாலும் அதே கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் மாதிரி எங்கே?

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? கிணற்றில் சாவு நடந்தால், உடலை எடுத்த கையோடு வோட்டர் பம்மை வைத்து இறைத்துவிடுவார்கள். அடியில் கிடக்கும் சேற்றை வாளியில் அள்ளி வாழைக்குக் கொட்டி, கட்டைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, புதுத் தண்ணீர் ஊற விடுவார்கள். கிணற்றுக் கட்டில் இரத்தம் இருந்திருந்தாலும் போய்விட்டது. ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அந்தத் தண்ணீரை யார் குடிப்பார்கள்?

நெடுங்கேணியான்:
இறைத்தது யார்? புருசன் சொல்லி இறைத்தார்களா, அயலவர் தாங்களாக இறைத்தார்களா? பொலிஸ் வர முன்பு இறைத்தால் அதுவே ஒரு சான்று. நடத்தையும் சான்றுதான், 8ஆம் பிரிவு.

கோட்டடியான்:
இப்போதுதான் அண்ணை வைத்தியரை விட்டு வேறு சாட்சி தேடத் தொடங்கியிருக்கிறீர்கள். சரி, பம்மை கொண்டுவந்தவரைக் கூப்பிடுங்கள். யார் அழைத்தது, எத்தனை மணிக்கு, பொலிஸ் வந்துவிட்டதா, கிணற்றுக் கட்டில் ஏதும் கறை கண்டாரா என்று கேளுங்கள். வைத்தியரின் அறிக்கை அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

நெடுங்கேணியான்:
கூப்பிடுவேன். ஆனால் அவர் புருசனின் தமையன் என்றால் உங்கள் சட்டத்தரணி என்ன கேட்பார் என்று இப்போதே எழுதுங்கோ, பார்ப்போம்.