நிதித் தரவுக் கட்டுரை: 95% துல்லியம் வந்தும் கருத்தரங்கில் ஏற்கவில்லை, ஏன்?

கேள்வி: கடன் தவணை தவறுவோரை முன்கூட்டியே கணிக்கும் கணினி மாடல். 10 ஆண்டுத் தரவை 80:20 (பயிற்சிக்கு 80%, சோதனைக்கு 20%) எனப் பிரித்துச் சோதித்ததில் துல்லியம் 95%. "சோதனை முறை போதாது" என்கிறார் மதிப்பாய்வாளர். எதை மாற்றுவது?

பதில் 1: பிரித்தது குலுக்கல் முறையிலா? அப்படியானால் கோளாறு அங்கேதான். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு முன்னால் நடந்ததைக் கணிக்கிறது உங்கள் மாடல். முதல் 7 ஆண்டுகள் பயிற்சிக்கு, 8-ஆம் ஆண்டு சரிபார்ப்புக்கு, கடைசி 2 ஆண்டுகள் சோதனைக்கு எனக் காலவரிசையில் பிரியுங்கள். விடுபட்ட மதிப்புகளை நிரப்புவதும் பயிற்சிப் பகுதியின் சராசரியை வைத்து மட்டுமே. மொத்தத் தரவின் சராசரியை எடுத்தால் சோதனைப் பகுதியின் தகவல் பயிற்சிக்குள் கசிந்துவிடும். துல்லியம் குறையலாம். குறையட்டும், நம்பத்தக்க எண் அதுதான்.

பதில் 2: தவணை தவறியவர்கள் எத்தனை சதவீதம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? 5% என்றால், எல்லோரையும் 'ஒழுங்காகக் கட்டுவார்' என்று சொல்லும் வெற்று மாடலுக்கும் 95% கிடைக்கும்! பிரிசிஷன் ('தவறுவார்' என்று மாடல் சொன்னவர்களில் உண்மையில் தவறியவர்களின் பங்கு), ரீகால் (உண்மையில் தவறியவர்களில் மாடல் கண்டுபிடித்தவர்களின் பங்கு) இரண்டையும் அட்டவணையில் கொடுங்கள். ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷனும் (ஆம்/இல்லை எனக் கணிக்கும் எளிய புள்ளியியல் முறை) கட்டாயம் வேண்டும். எண்ணிக்கையில் குறைந்த வகையை, அதாவது தவணை தவறியோர் பதிவுகளை, செயற்கையாகப் பெருக்கியிருந்தால், அது பயிற்சிப் பகுதியோடு நிற்க வேண்டும்.

பதில் 3: கருத்தரங்கின் கல்வி அமர்வுக்கு எழுதுவோரும் கவனிக்க: மாணவர் இடைநிற்றலைக் கணிக்கப் பருவம் முழுவதற்குமான வருகைப்பதிவை உள்ளீடாக வைக்காதீர்கள். படிப்பை விட்டவருக்கு அதன்பின் வருகை ஏது? முதல் 4 வாரத் தரவோடு நிறுத்தினால்தான் ஆசிரியர் தலையிட நேரம் இருக்கும்.