வீடியோ பார்த்துவிட்டுப் புரிந்தது என்கிறார்கள், மறுநாள் அதே தப்பு. அவசர உதவி வேண்டும்

புதுச்சாக்பீஸ்:
வணக்கம். நாளைக்கு இரண்டாவது பீரியடுக்குள் ஒரு வழி தெரிய வேண்டும். மூன்று நிமிட வீடியோ போட்டுப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் கண் எடுக்காமல் பார்க்கிறார்கள், புரிந்ததா என்றால் மொத்த வகுப்பும் தலையாட்டுகிறது. மறுநாள் அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டால் பாதிக்கு மேல் தப்பு. வீடியோவை இன்னும் சின்னதாக வெட்டுவதா, வேறு வீடியோ தேடுவதா, இல்லை வீடியோவே வேண்டாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெம்புகோல்:
எந்த வகுப்பு, எந்தப் பாடம், நீங்கள் கேட்ட கேள்வி என்ன? வீடியோ நீங்களே செய்ததா? அதைச் சொல்லாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

ஊசல்:
நீளம்தான் பிரச்சினை. 2014-இல் எடெக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் 69 லட்சம் பார்வைகளை வைத்துச் செய்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப்பேர் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று வந்தது. அதுவும் தானாக விரும்பிச் சேர்ந்து படிப்பவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

முப்பட்டகம்:
ஊசல், அந்த ஆய்வு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைத்தான் அளந்தது, எவ்வளவு கற்றார்கள் என்பதை இல்லை. இவர் பிள்ளைகள் முழுசாகப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டாரே. என் சந்தேகம் வேறு. பின்னணி இசை இருக்கிறதா? பேசுவதையே அப்படியே எழுத்தாகவும் திரையில் ஓட விடுகிறீர்களா? கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்: படமும் குரலும் ஓடும்போது அதே வரிகளை எழுத்திலும் போட்டால் கண் எழுத்துக்குப் போய்விடும், படம் தவறிவிடும். முதலில் அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பழையபலகை:
இதே கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. தம்பி, நாங்களெல்லாம் ஒரு பந்தையும் ஒரு பலகையையும் வைத்து நியூட்டனை நடத்தினோம். செய்து காட்டினால் பிள்ளைக்குப் புரியும். படம் காட்டினால் படம் பார்க்கும், அவ்வளவுதான். இது அடிப்படை.

முப்பட்டகம்:
ஐயா, அவர் தம்பியா அக்காவா என்றே நமக்குத் தெரியாது, நியூட்டன் பாடம் என்றும் அவர் இன்னும் சொல்லவில்லை. செய்து காட்டுவதும் தானாக வேலை செய்வதில்லை. ஹார்வர்டில் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வைத்த பிறகு பார்த்தவர்கள்தான் முன்னேறினார்கள்.

புதுச்சாக்பீஸ்:
மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு. நியூட்டனின் முதல் இரண்டு விதிகள். வீடியோ நானே செய்தது, குரலும் என்னுடையது. இசை உண்டு, மெதுவாக. கேள்வி: நேராக மேலே எறிந்த பந்து, கையை விட்டு விலகி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது, அதன் மேல் செயல்படும் விசைகளை வரை (காற்றுத்தடை வேண்டாம்). 38 பேரில் 27 பேர் மேல்நோக்கியும் ஒரு அம்பு போட்டிருக்கிறார்கள்.

நெம்புகோல்:
இப்போது பேசலாம். வீடியோவில் அந்தப் பந்து மேலே போகும் இடத்தில் திரையில் என்ன இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? வாய்மொழியை அப்படியே எழுதுங்கள்.

புதுச்சாக்பீஸ்:
பந்தோடு சேர்ந்து ஒரு சிவப்பு அம்பு மேலே போகும், போகப்போகச் சின்னதாகும். அது திசைவேகம். கீழ்நோக்கி இன்னொரு அம்பு, ஈர்ப்பு விசை, அதுவும் சிவப்பு. நான் சொல்வது: "பந்தின் உந்துவிசை குறையக் குறைய அது மெதுவாகி உச்சியில் நிற்கிறது."

நெம்புகோல்:
அதுதான். பிள்ளைகள் நீங்கள் காட்டியதைத்தான் வரைந்திருக்கிறார்கள். இரண்டு அம்பும் ஒரே நிறம், ஒன்று வேகம், மற்றது விசை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் அந்தச் சொல். நீங்கள் நினைத்தது உந்தம், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது. உந்துவிசை என்று சொன்னால் அதற்குள்ளேயே விசை உட்கார்ந்திருக்கிறது. எறிந்த பொருளுக்குள் ஒரு விசை இருந்து மெல்லத் தீர்ந்துபோகிறது என்பது பள்ளிக்கு வருமுன்பே எல்லோரும் மனதில் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் வாக்கியம் அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது.

கம்பிச்சுருள்:
ஆனால் கையை விட்டவுடன் கொஞ்ச நேரமாவது கை கொடுத்த விசை இருக்காதா? இல்லையென்றால் ஏன் மேலே போகிறது? உச்சியில்தான் எல்லாம் பூஜ்யம்.

ஊசல்:
உச்சியில் வேகம்தான் பூஜ்யம். முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், அங்கேயும் 9.8 மீ/வி² கீழ்நோக்கித்தான். அதுவும் பூஜ்யமாக இருந்தால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கும்.

கம்பிச்சுருள்:
அதைச் சரி என்று வைத்துக்கொள்கிறேன். நான் கேட்டது கையை விட்ட முதல் நொடியைப் பற்றி.

பழையபலகை:
இதைக் கேட்பவர்கள் எல்லாம் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்ல வந்துவிடுகிறார்கள்.

முப்பட்டகம்:
ஐயா, அவர் கேட்டது நல்ல கேள்வி. 38 பேரில் 27 பேர் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கம்பிச்சுருள், மொபைலில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், பின்னால் ஓர் அளவுகோலை நிறுத்திவிட்டு. பந்து விநாடிக்கு 10 மீட்டரில் கிளம்பினால் ஒவ்வொரு 0.1 விநாடியிலும் வேகம் விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் குறையும், கையை விட்ட அந்தக் கணத்திலிருந்தே, ஒரே சீராக. கை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தால் தொடக்கத்தில் அந்தக் குறைவு சின்னதாகத் தெரிய வேண்டும். தெரியாது. மேலே போவதற்கு விசை வேண்டாம், கை கொடுத்த வேகம் ஏற்கனவே இருக்கிறது. அதைக் குறைக்கத்தான் விசை.

கம்பிச்சுருள்:
சரி, எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் ஒரே படத்தில் வேகத்தையும் விசையையும் காட்டுவதே தப்பு என்கிறேன்.

ஊசல்:
காட்டத்தான் வேண்டும், இரண்டும் வேறு என்று தெரிவது அங்கேதான். வேகத்தைப் பந்துக்குப் பக்கத்தில் தள்ளி நீலத்தில் போடலாம், விசை மட்டும் பந்திலிருந்தே கிளம்பட்டும்.

நெம்புகோல்:
அதை அப்புறம் பேசலாம், இவருக்கு நாளை வகுப்பு. டீச்சரோ சாரோ, ஒன்று கேளுங்கள். அறிவியல் வீடியோக்கள் செய்யும் டெரெக் முல்லர் 2008-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் ஆய்வு நேராக இதைப் பற்றியது. தெளிவாக விளக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள் நன்றாக இருந்தது, புரிந்தது என்றார்கள், ஆனால் மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை, தன் தப்பான பதில் மேல் நம்பிக்கைதான் ஏறியது. தப்பான எண்ணத்தையே முதலில் பேச வைத்து, பிறகு அதை உடைத்த வீடியோ அவர்களுக்குக் குழப்பமாகவும் கஷ்டமாகவும் இருந்தது, மதிப்பெண் கூடியது. அதனால் பிள்ளைகள் தலையாட்டுவதை நம்பாதீர்கள். நாளைக்குப் புது வீடியோ தேட வேண்டாம். இருப்பதையே குரலை அணைத்து, அம்புகள் வருவதற்கு முன் பந்து பாதி வழியில் இருக்கும்போது நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் அம்பு வரையட்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும். மேல்நோக்கி வரைந்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த விசையைக் கொடுப்பது எது? பந்தைத் தொட்டுக்கொண்டு ஒன்றும் இல்லை, பூமியைத் தவிர வேறு எதுவும் இழுக்கவில்லை. அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அவசரப்பட்டு நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

முப்பட்டகம்:
இசையையும் எடுத்துவிடுங்கள்.

புதுச்சாக்பீஸ்: (நான்கு நாள் கழித்து)
செய்தேன். நிறுத்தி வரையச் சொன்னதும் 29 பேர் மேல்நோக்கிப் போட்டார்கள், முன்பைவிட அதிகம், பயந்துவிட்டேன். எது கொடுக்கிறது என்று கேட்டதும் ஒரு பெண் "கை" என்றாள், அவள் பக்கத்தில் இருந்தவன் "கைதான் கீழே இருக்கிறதே" என்றான், அதன் பிறகு பீரியட் முடியும் வரை அவர்களே பேசினார்கள். மூன்று நிமிட வீடியோவுக்கு 25 நிமிடம் ஆனது. நேற்று உதைத்த பந்து காற்றில் போவதைக் கொடுத்தேன், 11 பேர் தப்பு. குரலை உந்தம் என்று மாற்றிப் பதிவு செய்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, மணி அடித்துவிட்டது.

நெம்புகோல்:
அந்த 11 பேரும் அம்பை எந்தப் பக்கம் போட்டார்கள்? பந்து போகும் திசையிலா?

கம்பிச்சுருள்:
நானும் படம் எடுத்தேன். கையை விட்ட இடத்திலிருந்தே குறைகிறது.