பணம் கொடுத்தவர் சாட்சி சொல்ல வராவிட்டால், காவல் அதிகாரியின் சொத்தைக் கேள்வி கேட்க வழியே இல்லையா?

கேள்வி (தஞ்சை வாசகர்):

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஆய்வாளராக இருந்த ஒருவர், என் தந்தை கொடுத்த நிலப் புகாருக்கு ரசீது தருவதற்கே பணம் கேட்டார். வேறு வழி தெரியாமல் கொடுத்தோம். இன்று அவருடைய மனைவி, மாமியார் பெயர்களில் ஒரு திருமண மண்டபமும் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. எங்களைப் போல் பணம் கொடுத்த பலரும் சாட்சி சொல்ல அஞ்சுகிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கட்டாயத்தின் பேரில் லஞ்சம் கொடுத்தவரும் 7 நாட்களுக்குள் தகவல் தெரிவிக்காவிட்டால் வழக்கில் சிக்கலாம் என்று கேள்விப்பட்டதே அதற்குக் காரணம். அந்தச் சொத்தே ஒரு சாட்சியாகாதா?

பதில் 1 (வழக்கறிஞர், மதுரை):

ஆகும். பணம் கொடுத்த ஒருவரைக்கூட நிறுத்தாமல் வழக்கு நடத்தலாம். 1964 வரை, வருமானத்துக்கு மீறிய சொத்து என்பது லஞ்சக் குற்றச்சாட்டுக்குத் துணைநிற்கும் அனுமானமாக மட்டுமே இருந்தது, கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகே அது தனிக் குற்றமாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி தொடர்பான வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று உறுதிசெய்தது. இப்போது அது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவில் இருக்கிறது. தண்டனை 4 முதல் 10 ஆண்டுகள்.

மாமியார் பெயரில் இருப்பதும் தடையன்று. குவிப்புக்கு உடந்தையாக இருந்தவர் அரசு ஊழியராக இல்லாவிட்டாலும் அவரையும் சேர்த்து விசாரிக்கலாம் என்பது 1999-இல் நல்லம்மாள் வழக்கில் தீர்மானிக்கப்பட்டது.

பதில் 2 (ஓய்வுபெற்ற தணிக்கையாளர்):

சட்டம் சரிதான், வழக்கு நிற்பதும் விழுவதும் கணக்கில். ஒரு காலப்பகுதியை வரையறுத்து, அதன் தொடக்கத்தில் இருந்த சொத்தை முடிவில் இருக்கும் சொத்திலிருந்து கழிக்கிறார்கள். அந்தக் காலத்து வருமானத்திலிருந்து குடும்பச் செலவைக் கழித்தால் வரக்கூடிய சேமிப்பை விட அது எவ்வளவு கூடுதல் என்று பார்க்கிறார்கள். சம்பளம் ஆவணத்தில் இருப்பதால் அதில் தகராறு வராது. தகராறெல்லாம் கட்டடத்தின் மதிப்பு, கல்யாணச் செலவு, கைமாற்றாக வாங்கியதாகச் சொல்லப்படும் கடன் ஆகியவற்றில்தான்.

ஜெயலலிதா வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், வருமானத்தை மீறிய சொத்தின் மிகுதி 8.12 விழுக்காடே என்று கணக்கிட்டு, 10 விழுக்காடு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற பழைய தீர்ப்பின் அடிப்படையில் நால்வரையும் விடுவித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் வரிசையாகத் தரப்பட்ட கடன்களைக் கூட்டினால் சுமார் 10.67 கோடி ரூபாய்தான் வருகிறது. கூட்டுத்தொகையாகப் போட்டிருந்ததோ 24.17 கோடி. கடன் வரவுப் பக்கத்தில் சேர்வதால், அது கூடினால் மிகுதி குறைந்துவிடும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது முதலாவது குற்றஞ்சாட்டப்பட்டவரான ஜெயலலிதா உயிரோடு இல்லை. 1996-இல் தொடங்கிய வழக்கு அது. இத்தனை ஆண்டுகள் இழுத்த பின் கிடைக்கும் நீதியை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

பதில் 3 (சிங்கப்பூர் வாசகர்):

யார் விசாரிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்ற தலைமைக் காவல் கண்காணிப்பாளரிடம், 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட செல்வம் எப்படி வந்தது என்று 1973 ஜூனில் விளக்கம் கேட்டார்கள். கேட்டது காவல்துறைக்குள்ளேயே இயங்கிய ஊழல் தடுப்புப் பிரிவு. கொடுத்த ஒரு வாரக் கெடு முடியுமுன் அவர், விமான நிலையத்துக்குள் செல்லத் தம்மிடமிருந்த காவல்துறை அனுமதிச் சீட்டைப் பயன்படுத்தி இங்கிலாந்துக்குத் தப்பினார். விளக்கமற்ற செல்வம் இங்கிலாந்தில் குற்றமாக இல்லாததால் அந்தக் குற்றச்சாட்டில் அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. சக அதிகாரி ஒருவரின் சாட்சியத்தைக் கொண்டு லஞ்ச வழக்கிலேயே 1975-இல் அழைத்துவந்து 4 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள்.

மக்கள் வீதிக்கு வந்து போராடிய பிறகு, 1974 பிப்ரவரியில் காவல்துறையோடு தொடர்பில்லாத தனி ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புலனாய்வு செய்வோர் காவல்துறையிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். பணிக்காலம் முடிந்ததும் அதே துறைக்குத் திரும்பிச் செல்பவர்கள். அவர்களில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நாளை தமக்கு மேலதிகாரியாக வரக்கூடிய ஒருவரின் வீட்டைச் சோதனையிடும் நிலையில் யாரையும் வைக்கக்கூடாது.

கேள்வி கேட்டவர்:

நன்றி. அப்படியென்றால் நான் எதை எழுதி அனுப்புவது?

பதில் 1 (வழக்கறிஞர், மதுரை):

ஊரார் பேச்சை எழுதாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைப் பாருங்கள். பத்திர எண், தேதி, யார் பெயரில், எவ்வளவு மதிப்பில் என்பதைக் குறித்து, அவர் பணியாற்றிய ஆண்டுகளோடு சேர்த்து எழுதுங்கள். அரசு ஊழியர் சொத்து வாங்கும்போது நடத்தை விதிகளின்படி துறைக்குத் தெரிவித்தாரா என்று விசாரிக்குமாறும் கேளுங்கள். சட்டப்படி முறையாகத் தெரிவிக்காத வரவை அவர் பிறகு தம் வருமானமாகக் காட்ட முடியாது. நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு முன் அரசின் அனுமதி தேவை. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்றவருக்கும் அது பொருந்தும். ஆகவே மனுவின் நகலையும் பதிவஞ்சல் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பதில் வராமல் நீங்கள் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அவைதான்.