குவாரிக் குழியில் சேரும் மழைத் தண்ணீர், ஓடை கலங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

சூளகிரி மேட்:
வணக்கம். சூளகிரிப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் மேட்டாக, அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக இருக்கிறேன். குழி ஏறக்குறைய ஒரு ஹெக்டேர், 30 மீட்டர் ஆழம். மழை பெய்தால் மேட்டு நிலத்துத் தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்குகிறது. மோட்டார் போட்டு அப்படியே ஓடைக்கு இறைக்கிறோம், கீழே இருக்கிற ஏரி செம்மண் கலங்கலாகிவிடுகிறது. ஊர்க்காரர்கள் வந்து கேட்பதில் நியாயம் இருக்கிறது. முதலாளி பெரிய மோட்டார் வாங்கலாம் என்கிறார். ஐப்பசி மழைக்குள் வேறு என்ன செய்யலாம்?

ஓசூர் மைன்ஸ்:
மோட்டாரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் வெளித் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். இது குழிக்குள்ளேயே விழுவது, தடுக்க முடியாது. 30 மீட்டர் உயரத்துக்கு 10 எச்பி மோட்டார் மணிக்கு 45 கன மீட்டர் இறைத்தால் அதிகம், இதற்கே 11 மணி நேரம் ஓட வேண்டும். மேட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் எந்த மோட்டாரும் ஈடுகொடுக்காது.

மேட்டுப் பக்கம் கார்லண்ட் டிரெய்ன், அதாவது குழியை மாலை மாதிரி வளைத்துப் போகும் வாய்க்கால் வெட்டுங்கள். குழி விளிம்பை ஒட்டி வெட்டிவிடாதீர்கள், அதில் நிற்கும் தண்ணீர் பாறை வெடிப்பில் இறங்கி பின்னாலிருந்து அழுத்தி, படிபடியாக வெட்டிய பாறைப் பெஞ்சையே சரித்துவிடும், கீழே ஆள் வேலை செய்கிற இடம் அது. நன்றாகத் தள்ளி வெட்டி, எடுத்த மண்ணைக் குழிப் பக்கம் கரையாகப் போடுங்கள். அந்தத் தண்ணீர் கழிவு மண் மேட்டைத் தொடாமல் வந்தால் நேராக ஓடைக்கு விடலாம், குழித் தண்ணீரோடு கலக்கவே கூடாது.

பர்கூர் பம்ப்செட்:
அண்ணன் சொன்னது சரி. குழியிலிருந்து இறைக்கும் தண்ணீரை விட்டுத் தெளியவைக்க, குழிக்கு வெளியே மேலே இரண்டு மூன்று தொட்டி அடுத்தடுத்து வெட்டுங்கள். ஆழத்தைவிடப் பரப்புதான் முக்கியம், தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து எதிர் முனையில் வெளியேற வேண்டும். மணல் சீக்கிரம் அடங்கிவிடும், களிமண் நாள் கணக்கில் மிதக்கும். அதை அடங்கவைக்கப் படிகாரம் போட வேண்டும், எவ்வளவு என்று முதலில் வாளியில் போட்டுப் பாருங்கள். மோட்டார் குழாயின் உறிஞ்சு முனையில் இருக்கும் புட்வால்வைத் தரையில் போடாமல் காலி டிரம்மில் கட்டி மிதக்க விட்டால் மேல் தண்ணீர்தான் ஏறும். தெளிந்ததை ரோட்டுப் புழுதிக்கும், கல் அறுக்கும் கம்பி ரம்பமான ஒயர்சாவுக்கும் திருப்பி எடுங்கள். தொட்டி வண்டலை மழைக்கு முன்பே வாரிவிடுங்கள், பலர் வெட்டியதோடு மறந்துவிடுகிறார்கள்.

ஆயக்கட்டு விவசாயி:
கீழே இருப்பவன் பேசுகிறேன். கலங்கல் பார்வைக்கு அசிங்கம் என்பதோடு முடியவில்லை. கல் மாவு ஏரி அடியில் படிந்து மெழுகினால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காது, கிணறு ஊறாது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. மழைநீர் இறங்கினால்தான் அந்தக் கிணறுகளுக்குக் கொஞ்சமாவது நல்லது. இன்னொன்று, வெடிமருந்தில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் சிந்தினால் தண்ணீரில் கரைந்துவிடும், எந்தத் தொட்டியிலும் அடங்காது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கிராமைத் தாண்டக் கூடாது. ஓடையில் எங்கள் ஆடு மாடு குடிக்கிறது. சிந்தாமல் பாருங்கள், மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீரைச் சோதித்து முடிவை ஊரில் காட்டுங்கள்.

சூளகிரி மேட்:
நன்றிங்க. இந்தக் கணக்கை முதலாளியிடம் காட்டுகிறேன். கழிவு மண் மேடு ஓடைப் பக்கம்தான் இருக்கிறது, அதற்கு?

ஓசூர் மைன்ஸ்:
அடியில் கழிவுக் கல்லாலேயே சுவர் அடுக்கி, அதை ஒட்டித் தனி வாய்க்கால் வெட்டித் தொட்டிக்கு விடுங்கள். சரிவில் தென்னை நார்ப் பாய் விரித்து வெட்டிவேர் நடுங்கள். இப்போதே நட்டால்தான் மழைக்குள் வேர் பிடிக்கும்.